தெருப் பூனைகளைப் பிடிப்பதும் பேணுவதும்



மும்பையின் மாதுங்காவிலோ தில்லியின் கரோல் பாகிலோ குடியிருக்கும் நம்மவர்க்குத் தெருப் பூனைகள் புதியன அல்ல. மாடிப்படியின் கீழ்க் குட்டிகள் பெருகும். நள்ளிரவில் கடுவன்கள் சண்டையிட்டு அலறும். சலிப்புற்றவர் எவரேனும், "சாக்கில் கட்டித் தொலைவில் விட்டுவிடலாம்" என்பார். அது தக்க வழியன்று.

பூனை தன் இடத்தைப் பற்றி வாழும் உயிர். அறியாத இடத்தில் விட்டால் இரையும் மறைவிடமும் காணாது வாடும். பழைய இடத்தைத் தேடிச் செல்கையில் வண்டியில் அடிபடக்கூடும். பாலூட்டும் தாயாயின், பின்தங்கிய குட்டிகளும் மடியும். இங்கோ, குப்பையில் உணவு உள்ளவரை வேறு பூனைகள் வந்து சேரும். பசியால் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

ஆயின், செய்யத்தக்கது யாது? பூனையைப் பிடித்துக் கருத்தடை செய்வித்து, பிடித்த இடத்திலேயே விடுவதாகும். பெண் பூனை 5 மாத வயதிலேயே சினைப்படக்கூடும்; சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரமே. கருத்தடையால் இப்பெருக்கம் நிற்கும். கடுவன்களின் சண்டையும் பெரிதும் தணியும்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் நாள் குறித்துக்கொள்க. கதவு தானே மூடும் பொறிக்கூண்டு ஒன்றைப் பெற்று, கதவைத் திறந்த நிலையில் கட்டி, சில நாள் அதனருகே ஒரே வேளையில் உணவு வைத்துப் பழக்குக. பிடிக்கும் நாளில் கட்டை அவிழ்த்து, கூண்டின் கோடியில் மணமுள்ள மீன்துண்டை வைக்கலாம். பூனை உள்ளே சென்று பலகையை மிதித்ததும் கதவு விழும். உடனே கூண்டைத் தடித்த துணியால் மூடுக. இருளில் பூனை அமைதியுறும். கூண்டை வெயிலிலோ காவலின்றியோ விடலாகாது. பால் சுரந்த மடி தென்படின் குட்டிகளைத் தேடிக் காணும்வரை தாயைப் பிரிக்க வேண்டா.

மயக்கத்திலிருக்கும்போதே மருத்துவர் ஒரு காதின் நுனியைச் சிறிது நறுக்கிவிடுவார். அப்பூனையை மீண்டும் பிடிக்க வேண்டுவதில்லை என்பதற்கு அதுவே அடையாளம். மயக்கம் முற்றும் தெளிந்து, மருத்துவர் குறித்த நாள்வரை ஓய்வும் பெற்றபின் பழைய இடத்தில் விடுக.

பழைய கட்டடம் இடிபடும்போது மட்டும் இடமாற்றம் தவிர்க்கவியலாது. அப்போது புதிய இடத்தில் ஓர் அறையிலோ பெரிய கூண்டிலோ 2 அல்லது 3 வாரம் அடைத்து, நேரந்தவறாது உணவளித்தபின் திறந்துவிட்டால் பெரும்பாலும் அங்கேயே தங்கும்.

வெறுங்கையால் பிடிக்க முயலாதீர். கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பிட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்காக உடனே மருத்துவமனை செல்க.

இது தனியொருவர் பணியன்று. குடியிருப்புச் சங்கத்தாரிடம் முன்னரே எடுத்துரைத்து, அவ்வூர் மொழியில் ஓர் அறிவிப்பும் படிக்கட்டருகே ஒட்டுக. உணவிடும் ஒருவரும் கூண்டு காக்கும் ஒருவரும் செலவில் பங்கேற்கும் நால்வரும் கூடினால், அயலாரின் உறக்கமும் காக்கப்படும். வாயில்லா உயிரும் வாழும்.