படையெடுக்கும் புழுக்களை இனம் அறிதல்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே செல்லும் சாலை கோவிந்தாபுரத்தில் கேரள எல்லையைத் தொடுகிறது. எல்லைக்கு அப்பால் பாலக்காட்டு நெல்வயல்கள். இப்பால் கொங்கு நாட்டு மானாவாரி நிலங்கள். கூட்டமாக நகர்ந்து பயிரை மொட்டையடிக்கும் புழுக்கள் இருபுறமும் உண்டு. ஆனால் அவை ஒரே இனம் அல்ல. ஒன்றுக்கான பரிகாரம் மற்றொன்றுக்குப் பயன்படாது.

முதலில் கால்களை எண்ண வேண்டும். அந்துப்பூச்சியின் புழுவுக்கு மார்பில் மூன்று இணைக் கால்களும், வயிற்றுப் பகுதியில் அதிக அளவாக ஐந்து இணைப் போலிக்கால்களும் இருக்கும். ஈயின் புழுவுக்குக் கால்களே இல்லை.

நெற்பயிரைத் தாக்கும் படைப்புழு மயிரற்றது. பசுமை அல்லது சாம்பல் கலந்த நிறம். உடலின் பக்கவாட்டில் பிறை போன்ற கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். பகலில் மண்ணிலும் தூரிலும் பதுங்கி, இரவில் மேயும். நீண்ட வறட்சிக்குப் பின் பெருமழை பெய்தால் இது பெருகுவதுண்டு. நாற்றங்காலில் நீரைத் தேக்கினால் புழுக்கள் மேலே வரும். பறவைகளும் வாத்துகளும் எஞ்சிய வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

நிலக்கடலையைத் தாக்குவது சிவப்புக் கம்பளிப்புழு. செம்பழுப்பு உடல், நீண்ட மயிர், இரு முனைகளிலும் கருமை. இளம்புழுக்கள் இலையின் அடியில் கூட்டமாகச் சுரண்டும். வளர்ந்தவை வயல்விட்டு வயல் செல்லும். இங்கே நீர் தேக்க வழியில்லை. கோடை உழவும், விளக்குப் பொறியும், வயலைச் சுற்றி வெட்டும் பள்ளமுமே துணை.

2018ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட மக்காச்சோளப் படைப்புழு இக்குழப்பத்தை மிகுவித்தது. தலையில் தலைகீழான 'ஒய்' எழுத்து போன்ற வெண்கோடும், பின்பகுதியில் சதுரமாக நான்கு புள்ளிகளும் இதன் அடையாளம். பெயரில்தான் படை, நம் வயல்களில் பெரும்பாலும் குருத்துக்கு ஓரிரு புழுக்களே தங்கும், ஏனெனில் அவை ஒன்றையொன்று தின்றுவிடும். இதற்குப் பள்ளம் வெட்டுவது வீண் கூலி.

கம்பளிப்புழுவுக்கோ பள்ளமே சிக்கனம். தனியொருவர் மருந்து தெளித்தாலும் அண்டை வயலிலிருந்து மறுநாள் புழு வந்து சேரும். செலவு அவருக்கு, பயன் எவருக்கும் இல்லை. கோடைமழை பெய்த ஓரிரு நாட்களில் அந்துப்பூச்சிகள் வெளிவரும்போதே ஊர் முழுவதும் விளக்குப் பொறி வைப்பதே முறை. அதன் கூட்டுப்புழுக்கள் ஏறத்தாழப் பத்து மாதங்கள் மண்ணுக்குள் கிடப்பது வரப்போரங்களிலும் மரத்தடிகளிலும். ஏர் எட்டாத இடங்கள் அவை.