வாயில் புண், கழுத்தில் கத்தி ஏன்?

"வாயிலதானே புண்ணு, கழுத்த ஏன் வெட்டணும்?" மலைநாட்டில் வாய்ப் புற்றுநோய் வந்தவரின் வீட்டார் கேட்கும் நியாயமான கேள்வி இது.

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் கொழுந்து மலைக்கு ஏறும்போது வெற்றிலை அடக்கிக்கொள்வது பரம்பரைப் பழக்கம். குளிருக்கு இதம், பசி தெரியாது என்பார்கள். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் மணிக்கணக்கில் கிடக்கும் கன்னத்தின் உட்புறத்தில்தான் பலருக்கும் புண் தொடங்குகிறது. இலங்கை ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் இதுவே.

பிறகு தாடைக்குக் கீழே நெறி கட்டும். பல்வலியால் வந்ததென்று பற்றுப் போடுவார்கள். ஆனால் வலியில்லாமல், கல்லுப்போல் இறுகி, வாரக்கணக்கில் வற்றாத நெறியைப் பற்றால் கரைக்க முடியாது. மலையில் பெய்த மழை கானில் இறங்குவதுபோல், வாயில் ஊறும் நிணநீர் கழுத்து முடிச்சுகளின் வழியே வடிகிறது. புண்ணிலிருந்து கழன்ற செல்கள் முதலில் தங்குமிடம் அது. அதையும் தாண்டினால் கழுத்தடிச் சிரை, இதயம், அடுத்து நுரையீரல். அங்கே முளைப்பது புதிய நோயல்ல, அதே வாய்ப் புற்றுத்தான். குடற்புற்று ஈரலுக்குப் போவதும் இப்படித்தான். குடலின் இரத்தம் முதலில் ஈரலுக்கே செல்கிறது.

பாதை மட்டுமே காரணமல்ல. 1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். 241 பேருக்கு ஈரலில் பரவியிருந்தது. மண்ணீரலிலோ 17 பேருக்குத்தான். இரத்தம் இரண்டுக்கும்தான் போகிறது. விதை எங்கும் விழும், ஒத்த மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். புளிப்பு மண்ணில் தழைக்கும் தேயிலை சுண்ணாம்பு மண்ணில் வாடுவதைக் கண்டவர்களுக்கு இது புரியும். இரத்தத்தில் இறங்கும் புற்றுச் செல்களில் ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறுவதில்லை. தேறுவது, வேண்டிய ஊட்டம் கிடைக்கும் இடத்தில்தான். எலும்பில் குடியேறிய மார்புப் புற்று, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடும். கரையும் எலும்பிலிருந்து கசியும் வளர்ச்சிப் பொருள்களை உண்டே அது பெருகுகிறது.

இனி அந்தக் கழுத்துக் கேள்வி. முடிச்சில் ஒளிந்திருக்கும் சில செல்கள் விரலுக்குத் தட்டுப்படாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்ப நிலை வாய்ப் புற்றோடு கழுத்து முடிச்சுகளையும் அப்போதே அகற்றியவர்களில் 80 சதவீதத்தினர் மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தார்கள். நெறி தெரியட்டும் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதத்தினர்தான்.