ஏமாந்த பிறகும் நேரம் இருக்கிறது

“சார், பேங்க் மேனேஜர் பேசறான். கார்டு மேலே பதினாறு நம்பர் சொல்லு சார்!” உடைந்த தமிழில் வந்த இத்தகைய அழைப்புகளைப் பதிவுசெய்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சிரித்த காலம் உண்டு. இப்போது பேசுபவரின் தமிழ் சுத்தமாக இருக்கிறது. நம் பெயரும் வங்கிக் கிளையும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. “கே.ஒய்.சி. புதுப்பிக்கல, சாயங்காலம் கணக்கு முடங்கிடும்” என்கிறார். பதற்றத்தில் ஓ.டி.பி.யைச் சொல்லி, போனை வைத்த பிறகுதான் வயிற்றைப் பிசைகிறது.

அடுத்து பலர் செய்வது, யாரிடமும் சொல்லாமல் மறைப்பது. ‘படிச்ச நீங்களே ஏமாந்தீங்களா?’ என்று கேட்பார்களே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது.

இழப்பு யாருடையது?

அனுமதியில்லாமல் நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் யார் பொறுப்பு என்பதை, 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி வகுத்திருக்கிறது.

தவறு வங்கியுடையது என்றால், நீங்கள் புகார் செய்தாலும் செய்யாவிட்டாலும் முழு இழப்பும் வங்கிக்கே.

வங்கியிடமும் தவறில்லை, உங்களிடமும் இல்லை என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு இழப்பே கிடையாது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் பொறுப்பு. அதன் பிறகு வங்கி வகுத்துள்ள கொள்கைப்படி.

ஓ.டி.பி.யையோ பின் நம்பரையோ நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்றால், புகார் செய்யும் வரை போன பணம் உங்களுடையது. புகாருக்குப் பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. ஆக, தவறு செய்தவருக்கும் பாதுகாப்பு உண்டு. அது புகார் பதிவாகும் நிமிடத்தில் தொடங்குகிறது.

“நீங்கதான் சொல்லியிருப்பீங்க” என்று கிளையில் கை விரித்தால், அதை நிரூபிக்க வேண்டியது வங்கிதான். புகாரை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டியதும் அதன் கடமை.

உடனே என்ன செய்வது?

முதலில் வங்கியை அழைத்து, கார்டையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். அங்கே போலி ‘கஸ்டமர் கேர்’ எண்களும் காத்திருக்கும். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணே போதும். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். நாளை வழக்காடும்போது அதுதான் சாட்சி.

அடுத்து, இணையப் பண மோசடிகளைப் புகார் செய்வதற்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். போன பணம் நேரே திருடன் கைக்குப் போவதில்லை. கமிஷனுக்காக யாரோ வாடகைக்கு விட்ட கணக்குகளில் கைமாறி, பிறகுதான் எடுக்கப்படுகிறது. 1930-ல் சொல்லும் புகார் அந்தந்த வங்கிகளுக்குப் போய், வழியில் மிஞ்சியிருக்கும் பணத்தை நிறுத்திவைக்க உதவும். தாமதிக்கத் தாமதிக்க மிச்சம் குறையும்.

வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448.

வலையில் விழாமலிருக்க

பேசிக்கொண்டிருக்கும்போதே “இன்னொரு கால் வரும், இதோட சேருங்க” என்பார்கள். அந்த இன்னொரு அழைப்பு, ஓ.டி.பி.யைப் படித்துச் சொல்லும் தானியங்கிக் குரலாக இருக்கலாம். நாம் வாய் திறக்காமலே ரகசியம் அவர்கள் காதுக்குப் போய்விடும். திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்வதும் இதே வேலைக்குத்தான். யூ.பி.ஐ. பின் பணம் அனுப்பத்தான், வாங்க அது தேவையே இல்லை. சேவை அழைப்புகளுக்காக வங்கிகளுக்கு 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எந்த எண்ணிலிருந்து அழைத்தாலும், ஓ.டி.பி. கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் “ஓ.டி.பி. சொல்லாதீங்கப்பா” என்று எத்தனையோ முறை சொல்லியிருப்போம். இன்று கூடவே இன்னொன்றையும் சொல்லிவையுங்கள்: “தப்பித்தவறிச் சொல்லிட்டா, அந்த நிமிஷமே என்கிட்ட சொல்லுங்க. நான் திட்டமாட்டேன்.”