உப்பின் பெயர்களும் அளவும்

தமிழில் உப்பு என்னும் சொல் ஒரு பொருளுக்கு மட்டும் உரியதன்று. சோற்றிலும் கறியிலும் இடுவது உப்பு. வெடிமருந்தில் சேர்வது வெடியுப்பு. வயிற்றைக் கழிக்க முன்னோர் கொடுத்தது பேதியுப்பு. சித்த மருத்துவம் கறியுப்பு, கல்லுப்பு, இந்துப்பு, வளையலுப்பு, வெடியுப்பு ஆகிய ஐந்தையும் ஒரு தொகுதியாக்கிப் பஞ்சலவணம் என வழங்குகிறது. இவற்றுள் வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட்டு ஆகும். பேதியுப்போ மக்னீசியம் சல்பேட்டு. வேதியியலாரும் இச்சொல்லை இவ்வாறே ஓர் இனப்பெயராக ஆள்கின்றனர். அமிலமும் காரமும் வினைபுரிந்து விளையும் பொருள்கள் பலவும் அவர்களுக்கு உப்புகளே. எனவே அறிவியல் பாடநூலில் 'உப்புகள்' என்று பன்மையில் காணும் மாணவர் மயங்க வேண்டியதில்லை. தமிழ் மரபு அப்பன்மையை முன்னரே அறிந்திருந்தது.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது உணவில் சேரும் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு. அதற்கும் பெயர்கள் பல. கடலுப்பு, கல்லுப்பு, தூளுப்பு, பாறையுப்பு, இந்துப்பு என்று கடைகளில் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. பெயரும் நிறமும் மாறினால் குணமும் மாறிவிடும் என்னும் நம்பிக்கை நம் இல்லங்களில் வலுவாக வேரூன்றியுள்ளது. இரத்தக் கொதிப்பு இருப்பதாக மருத்துவர் கூறியவுடன் வெள்ளை உப்பை விலக்கிவிட்டு, இளஞ்சிவப்பு உப்பை வாங்கி வைத்து, இனிக் கவலையில்லை என்று இருப்போரை நாம் அனைவரும் அறிவோம். அந்நம்பிக்கை எவ்வளவு பொருந்தும் என்று காண்பதற்கு முன்னர், உப்பு எங்கிருந்து எவ்வாறு வருகிறது என்பதைப் பார்த்தல் வேண்டும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேற்பட்டது சோடியம் குளோரைடு. எஞ்சியவை மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள். கடல்நீரை முற்றிலும் வற்றவிட்டால் கிடைப்பது நாவிற்கு ஒவ்வாத கசப்புப் பொருளே. உப்பளத் தொழிலாளரின் திறமை இங்குதான் விளங்குகிறது. தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் கடல்நீரையோ உவர்நிலத்து நிலத்தடி நீரையோ ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் சுண்ட விடுகின்றனர். முதலில் சுண்ணாம்புச் சேர்மமும் அதன்பின் ஜிப்சமும் படிகின்றன. நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய நிலையில்தான் உப்பு படிகமாகத் தொடங்குகிறது. அப்போதும் இறுதிவரை காத்திருத்தல் கூடாது. மக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் எஞ்சும்போது அதனை வடித்துவிட்டு உப்பை வாரிக் குவிக்க வேண்டும். எப்போது தொடங்குவது என்பதைக் காட்டிலும் எப்போது நிறுத்துவது என்று அறிவதே இத்தொழிலின் நுட்பம் எனலாம்.

அளம் என்னும் சொல் உப்பு விளையும் வயலைக் குறிக்கும். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டுசென்ற உமணர்களைச் சங்கப் பாடல்கள் பலவற்றில் காண்கிறோம். அவர்கள் குடும்பத்தோடு, கூட்டங்கூட்டமாக, மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி ஓட்டிச் சென்றனர். நெல்லுக்கு நேர் அளவாக உப்பை விற்ற செய்தியும் அப்பாடல்களில் உண்டு. இன்று ஒரு படி அரிசிக்கு ஒரு படி உப்பைத் தர எவரேனும் முன்வந்தால் நாம் நகைப்போம். கடலிலிருந்து விலகி வாழ்ந்தோர்க்கு உப்பு எவ்வளவு அரிய பொருளாக இருந்தது என்பதை அந்த மாற்று விலை உணர்த்துகிறது.

சுற்றிலும் கடல் சூழ்ந்த சிங்கப்பூரில் உப்பளங்கள் ஏன் இல்லை என்று மாணவர் கேட்கக்கூடும். நல்ல வினா அது. இங்கு ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழையே இல்லாத மாதம் என ஒன்று இல்லை. உப்பு விளையத் தொடர்ந்து பல மாத வறட்சி தேவை. தூத்துக்குடியில் மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்களில் பெய்து முடிந்துவிடுகிறது. தாய்லாந்து வளைகுடாவின் தலைப்பகுதியில் உள்ள சமுத் சாகோன், சமுத் சொங்கிராம் ஆகிய மாநிலங்களிலும் நீண்ட கோடை வாய்க்கிறது. ஆகவே அங்கெல்லாம் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. உப்பிற்குக் கடல் மட்டும் போதாது. வெயிலும் காற்றும் வேண்டும். புளி மலையில், உப்பு கடலில், இரண்டும் சந்திப்பது சட்டியில் என்று மலாய் மக்கள் கூறும் பழமொழி ஒன்று உண்டு.

ஆனால் மலையிலும் உப்பு உண்டு என்பதற்கு மலேசியாவிலேயே சான்று இருக்கிறது. சரவாக் மாநிலத்தின் பாரியோ பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம். அங்கு வாழும் கெலாபிட் மக்கள் காட்டிடையே ஊறும் உவர்நீர் ஊற்றுகளிலிருந்து நீரை எடுத்து, பெரிய கொப்பரைகளில் ஊற்றி, விறகெரித்துக் காய்ச்சுகின்றனர். வெயிலை நம்ப இயலாத மழைக்காட்டில் நெருப்பே கதிரவனின் வேலையைச் செய்கிறது. திரண்ட உப்பை மூங்கில் குழாய்களில் அடைத்து நெருப்பிலிடுவர். மூங்கில் எரிந்து கரியாகும். உள்ளிருக்கும் உப்பு இறுகித் திண்ணிய உருளையாகும். அதனை இலையில் பொதிந்து வைப்பர். உப்பை இறுக்கிக் கட்டியாக்குவதில் ஒரு பயன் உண்டு. ஈரம் மிகுந்த அந்நிலத்தில் தூளுப்பு விரைவில் கசிந்துவிடும்; கட்டியுப்பு நாள்பட நிற்கும், தோளில் சுமந்து செல்லவும் எளிது.

மூன்றாவது ஊற்றுக்கண் பாறை. பழங்காலத்தில் வற்றிப்போன கடல்கள் விட்டுச்சென்ற உப்புப் படிவங்கள் மண்மூடிப் பாறையாக இறுகின. பாகிஸ்தானின் பஞ்சாப் மாநிலத்தில் உள்ள கியூரா சுரங்கம் அத்தகையது. அதன் உப்புப் படிவம் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொன்மை உடையது. 'இமயமலை இளஞ்சிவப்பு உப்பு' என்று பேரங்காடிகளில் விற்கப்படுவது பெரும்பாலும் இங்கிருந்து வருவதே. சுரங்கம் இருப்பதோ இமயமலையில் அன்று, அதற்குத் தெற்கே உள்ள உப்பு மலைத்தொடரில். சிந்து நாட்டு உப்பு என்னும் பொருளில் வழங்கும் இந்துப்பு என்ற நம் பழம்பெயர் இவ்வகையில் விற்பனைப் பெயரைக் காட்டிலும் துல்லியமானது. இளஞ்சிவப்பு நிறத்தைத் தருவது இரும்பு ஆக்சைடு. அதாவது, இரும்புத் துருவின் சாயல்.

இங்கே ஒரு மொழிக்குறிப்பு. தமிழர் வீடுகளில் கல்லுப்பு என்பது பரல்பரலாக இருக்கும் கடலுப்பைக் குறிக்கிறது. பாறையில் வெட்டி எடுத்ததைக் குறிப்பதில்லை. மொழிபெயர்ப்புப் பயிற்சியில் பாறையுப்பைக் 'கல்லுப்பு' என்று எழுதும் மாணவரை ஆசிரியர் திருத்துவது நல்லது.

இனி நம்பிக்கையைச் சோதிப்போம். இளஞ்சிவப்பு உப்பிலும் கடலுப்பிலும் வேறு கனிமங்கள் உள்ளன என்பது உண்மையே. ஆனால் அவை மிகச் சிறிதளவே உள்ளன. உடலுக்குக் கணிசமாகப் பயன்படும் அளவு வேண்டுமாயின், ஒருவர் உண்ணத் தகாத அளவு உப்பை உண்ண நேரும். உண்ணும் எவ்வகை உப்பிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு சோடியம். இரத்தக் குழாய்க்கு நிறம் தெரியாது. கல்லுப்பில் ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பரல்களுக்கிடையே வெற்றிடம் இருப்பதால் ஒரு கரண்டிக் கல்லுப்பு ஒரு கரண்டித் தூளுப்பைவிட எடை குறைந்தது. கல்லுப்பிற்குப் பழகிய கை அதே கரண்டியால் தூளுப்பை அள்ளினால் உப்பு மிகுந்துவிடும்.

வகைகளுக்கிடையே உண்மையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அயோடின் ஒன்றே. அது இயற்கையில் அமைந்ததன்று, மனிதர் சேர்ப்பது. கடல்மீனிலும் கடற்பாசியிலும் அயோடின் இருப்பதால் கடலுப்பிலும் நிறைய இருக்கும் எனப் பலர் கருதுகின்றனர். கடல்நீரை வற்றவைத்துப் பெறும் உப்பில் அது மிகக் குறைவு. வயதுவந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் ஆறாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அச்சிறு அளவும் கிட்டாதபோது தைராய்டுச் சுரப்பி வீங்கிக் கழுத்தில் கழலை தோன்றுகிறது. கருவுற்ற தாய்க்குப் பற்றாக்குறை கடுமையாக இருப்பின் குழந்தையின் மூளை வளர்ச்சியே குன்றுகிறது. சரவாக்கின் உட்பகுதிகளில் கழலை நெடுங்காலம் பரவலாகக் காணப்பட்டது. சபா, சரவாக் மாநிலங்களில் முன்னரே நடப்புக்கு வந்த அயோடின் சேர்ப்பு விதி, 2020இல் தீபகற்ப மலேசியாவிற்கும் விரிவாக்கப்பட்டது. அயோடின் சேர்க்காத இந்துப்பிற்கு மாறும் குடும்பம் சோடியத்தைக் குறைக்காமல் அயோடினை மட்டும் இழக்கிறது. நலம் நாடிச் செய்யும் மாற்றம் இவ்வாறு நட்டமாக முடிவது வருந்தத்தக்கது.

உப்பு இன்றி உடல் இயங்காது. நரம்பு வழியே செய்தி செல்வதும், தசை சுருங்கி விரிவதும், உடலில் நீர் நிலைபெறுவதும் சோடியத்தால் நிகழ்கின்றன. நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு வடிகட்டும் சோடியத்தை உப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் ஆகும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் மீண்டும் இரத்தத்திற்கே திருப்பப்படுகிறது. உடல் உப்பை இவ்வளவு சிக்கனமாகக் காப்பதற்குக் காரணம், மனித இனம் மிக நீண்ட காலம் உப்பு அரிதான சூழலில் வாழ்ந்தது என்பதே. உப்பின் உயிர்காக்கும் ஆற்றலுக்கு 1971ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். வங்காளதேசப் போரின்போது இந்திய எல்லையில் உள்ள பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பு வழி ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துவிட்ட நிலையில், மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கச் செய்தார். முப்பது விழுக்காட்டளவில் இருந்த இறப்பு நான்கு விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. குடற்சுவரில் குளுக்கோசும் சோடியமும் இணைந்தே உட்புகுகின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் செல்கிறது. அகதிகளைக் காத்தது இந்த எளிய உடலியல் உண்மையே.

நீர் உப்பைப் பின்தொடரும் அதே இயல்புதான் மிகையான உப்பைத் தீங்காக்குகிறது. சிறுநீரகங்கள் வெளியேற்றத் திணறும் அளவிற்கு உப்பு சேர்ந்தால் உடலில் நீர் தங்கி, இரத்தத்தின் கன அளவு பெருகி, குழாய்ச் சுவர்மீது அழுத்தம் கூடுகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் பக்கவாதமும் இதயநோயும் நெருங்குகின்றன. எல்லாரையும் இது ஒரே அளவில் தாக்குவதில்லை. முதியோரையும் சிறுநீரகம் தளர்ந்தோரையும் மிகுதியாகத் தாக்குகிறது. ஊடல் உப்பைப் போல் அமைய வேண்டும், சற்று மிகினும் கெடும் என வள்ளுவர் உவமை கூறியபோது அவர் எண்ணியது சுவையை. சுவைக்குச் சொன்னது இரத்தக் குழாய்க்கும் பொருந்துகிறது.

உலகச் சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் எல்லை நாளொன்றுக்கு 5 கிராம் உப்பிற்கும் குறைவு, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. மலேசியாவில் 2017-2018இல் நடந்த ஆய்வு சராசரியாக 7.9 கிராம் உண்பதாகக் காட்டியது. சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டுத் தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் கண்ட சராசரி 3,620 மில்லிகிராம் சோடியம். உப்பாகக் கணக்கிட்டால் 9 கிராம். இவ்வளவையும் நாம் உப்புச் சாடியிலிருந்து அள்ளி உண்ணவில்லை. சோயா சாறு, சிப்பிச் சாறு, பெலாச்சான், கருவாடு, அப்பளம், ஊறுகாய், உடனடி நூடல்ஸ், உணவங்காடியில் கிண்ணத்தின் அடிவரை குடித்து முடிக்கும் குழம்பு ஆகியவற்றின் வழியே அது வருகிறது. முன்பு உப்பின் அளவு சமைப்பவரின் கையில் இருந்தது. இன்று அதன் பெரும்பகுதி வேறெங்கோ அளந்து போடப்பட்டு வருகிறது.

அதனால்தான் சோடியம் என்னும் சொல்லை மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். பொட்டலத்தின் பின்புறம் பெரும்பாலும் 'உப்பு' என்று இருப்பதில்லை. சோடியத்தின் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். ஒரு பொட்டல நூடல்சில் 1,600 மில்லிகிராம் சோடியம் என்று அச்சிட்டிருந்தால் அது 4 கிராம் உப்பு; அன்றைய எல்லையில் ஐந்தில் நான்கு பங்கு ஒரே வேளையில் தீர்ந்துவிட்டது. வகுப்பில் ஆளுக்கொரு காலிப் பொட்டலம் கொண்டுவரச் செய்து இக்கணக்கைப் போடவைக்கலாம். சில பொட்டலங்கள் 100 கிராமுக்கான அளவையும் சில ஒரு பரிமாறலுக்கான அளவையும் தருவதால், எது எதுவென்று முதலில் படிக்கக் கற்பிக்க வேண்டும். சிங்கப்பூரில் பானங்களுக்கு உள்ள நியூட்ரி-கிரேட் தரக்குறியீடு 2027ஆம் ஆண்டு நடுப்பகுதியில் உப்பு, சாறுகள், நூடல்ஸ் முதலியவற்றிற்கும் விரிவடையும் என அறிவிக்கப்பட்டுள்ளது.

இப்போது கடைகளில் சோடியம் குறைந்த உப்பும் கிடைக்கிறது. அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டுள்ளது. சீனாவில் 600 ஊர்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் உப்புக் கலந்ததைப் பயன்படுத்தியோரிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. நிறம் மாறிய உப்பு செய்யாததை உட்பொருள் மாறிய உப்பு செய்திருக்கிறது. எனினும் இது எல்லார்க்கும் ஏற்றதன்று. சிறுநீரக நோயுள்ளவர்களின் உடல் பொட்டாசியத்தை வெளியேற்ற இயலாமல் தேக்கிக்கொள்ளும். இதயத்துடிப்பே அதனால் பிறழக்கூடும். இரத்தக் கொதிப்பு மருந்துகள் சிலவும் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. அத்தகையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே இவ்வுப்பை வாங்க வேண்டும்.