பாறைக்குள் எவ்வளவு எண்ணெய் மிச்சம்?

மாணவர்களே, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இருவர் ஒன்றாக வீட்டுக்குப் புறப்படுகிறார்கள். ஒருவர் நேரே நடக்கிறார். மற்றவர் தெரிந்தவர்களிடம் நின்று பேசுகிறார். அவருடைய தாமதத்தை வைத்தே வழியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஊகிக்கலாம். பாறைக்குள் மிஞ்சிய எண்ணெயையும் இப்படி அளக்கலாம்.

திரெங்கானு கடலில் உள்ள டூலாங் எண்ணெய் வயலில், 2002இல் கரியமில வாயு மிகுந்த எரிவாயுவையும் நீரையும் மாறி மாறிச் செலுத்தினார்கள். பாறைத் துளைகளில் ஒட்டிய எண்ணெயை வெளியேற்றவே இம்முறை.

பலன் கிடைத்ததா என்று அறிய ஒரு சோதனை உண்டு. எத்தில் அசிட்டேட் கலந்த நீரைக் கிணற்றில் செலுத்தி, சில நாள் மூடிவைப்பார்கள். அதில் ஒரு பகுதி எத்தனாலாக மாறும். நீரை வெளியே எடுக்கும்போது எத்தனால் முதலில் வரும். எத்தில் அசிட்டேட் எண்ணெயிலும் கரைவதால் தாமதிக்கும். தாமதம் கூடினால் எண்ணெய் மிச்சம் அதிகம். வாயு செலுத்துமுன் ஒருமுறை, பின் ஒருமுறை அளந்தால் பலன் தெரிந்துவிடும்.