உங்களுக்குத் தெரியுமா? பிறந்ததும் மூட வேண்டிய குழாய்

கருவிலிருக்கும் குழந்தைக்கு நுரையீரலில் மூச்சு வேலை இல்லை. அதனால் அங்கே போகும் ரத்தத்தை மகாதமனிக்குத் திருப்பிவிட ஒரு குறுக்குக் குழாய் உண்டு. நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் 3 நாட்களுக்குள் அது சுருங்கி மூடிவிடும். குறைமாதத்தில் பிறந்த பலருக்கு அவ்வளவு சீக்கிரம் மூடுவதில்லை. ரத்தம் எதிர்த்திசையில் பாய்ந்து நுரையீரலைத் திணறடிக்கும்.

1938 ஆகஸ்டில், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ராபர்ட் கிராஸ் 7 வயதுச் சிறுமி ஒருத்திக்கு இக்குழாயைக் கட்டி மூடினார். அவருடைய தலைமை மருத்துவர் அப்போது ஊரிலேயே இல்லை! துணிச்சல்தான்.

இன்று பல குழந்தைகளுக்குக் கத்தியே தேவையில்லை. குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். அதன் உற்பத்தியைக் குறைக்கும் இண்டோமெதசின், இபுபுரூஃபன், ஏன், காய்ச்சலுக்குத் தரும் பாரசிட்டமால்கூட இதை மூட உதவும். (கர்ப்பிணிகள் கடைசி மாதங்களில் இபுபுரூஃபனைத் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: கருவிலேயே குழாய் மூடிவிடலாம்.) மருந்து பலிக்காவிட்டால், தொடை ரத்தக்குழாய் வழியே பட்டாணியைவிடச் சிறிய அடைப்பானைச் செலுத்துகிறார்கள். 700 கிராம் எடையுள்ள சிசுவுக்கும் பொருத்தக்கூடிய ஒன்றுக்கு அமெரிக்கா 2019இல் அனுமதி அளித்தது. பலருக்குத் தானாகவே மூடுவதால், பொறுத்திருந்து கவனிக்கும் மருத்துவர்களும் உண்டு.

சில பிறவி இதயக் கோளாறுகளில் நிலைமை தலைகீழ். அங்கே உயிர் காப்பதே இந்தக் குழாய்தான். மூடிவிடாமலிருக்க அதே புரோஸ்டாகிளாண்டினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள்.