தன் பழுதைத் தானே காட்டிக்கொடுக்கும் ரப்பர்

ஐந்தருவியில் தண்ணீர் கொட்டும் அதே மாதங்களில்தான் தென்காசிக்குக் கிழக்கே சுரண்டை, ஆலங்குளம், கயத்தாறு வட்டாரங்களில் காற்றாலைகளும் ஓயாமல் சுற்றுகின்றன. இரண்டுக்கும் காரணம் தென்மேற்குப் பருவக்காற்று. மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக அது சமவெளிக்குப் பாய்கிறது. தமிழகக் காற்றாலைகளின் ஆண்டு உற்பத்தியில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரை கிடைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் உயரழுத்தக் கேபிள் ஒன்று பழுதானால், அதைத் தோண்டிச் சரிசெய்து முடிப்பதற்குள் வீசிய காற்று வீசியதுதான். கேபிள் வெடித்த பிறகு ஓடுவதைவிட, வெடிக்கப்போவதை முன்னரே அறிவது மேல். அதற்கு ஒளி ஊடுருவும் சிலிகோன் ரப்பர் ஒரு நல்ல வழி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், பழுது எங்கே பிறக்கிறது? எக்ஸ்எல்பிஇ (குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன்) காப்பு கொண்ட கேபிள், தொழிற்சாலையில் கட்டுப்பாடான சூழலில் தயாராகி, சோதிக்கப்பட்டு வெளிவருகிறது. இரண்டு துண்டுகளை இணைக்கும் ஜாயின்ட்டோ, கேபிள் முடியும் டெர்மினேஷனோ அப்படியல்ல. களத்தில், தூசிக்கும் ஈரத்துக்கும் நடுவே, கையால் செய்யும் வேலை அது. கத்தி சற்று ஆழமாகப் பதிந்தாலும், ரப்பர் சரியாக ஒட்டாவிட்டாலும் நுண்ணிய காற்றிடைவெளி தங்கிவிடும். 33 கிலோவோல்ட் கேபிளில் உள்கம்பிக்கும் புவிக்கும் இடையே சுமார் 19 கிலோவோல்ட் நிற்கிறது. அந்த அழுத்தத்தைத் திடக்காப்பு தாங்கும். இடைவெளியில் சிக்கிய காற்று தாங்காது. அங்கே நுண்பொறிகள் தெறிக்கும். பகுதி மின்னிறக்கம் எனப்படும் இது, காப்பை மெல்ல அரித்து, கிளைவிடும் மின்மரமாக வளர்ந்து, ஒருநாள் முழுப் பழுதில் முடியும்.

அந்தப் பொறி ஒளியையும் உமிழ்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜன், 300 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதாப் பகுதியில்தான் அதிகம் ஒளிர்கிறது. இன்றைய ஜாயின்ட்களில் சிலிகோன் ரப்பரே பயன்பட்டாலும், அதில் கலந்த நிரப்பிகளும் நிறமிகளும் அந்த ஒளியை அங்கேயே விழுங்கிவிடுகின்றன. ஒளி ஊடுருவும் சிலிகோனில் அது வெகுதூரம் பரவும். உள்ளே பதித்த ஒளிரும் சாயம் கலந்த இழை, பக்கவாட்டில் விழும் புற ஊதாவை உறிஞ்சி, கண்ணுக்குப் புலப்படும் ஒளியாக்கித் தன் முனையிலுள்ள உணரிக்கு அனுப்பும். சாதாரணக் கண்ணாடி இழையால் பக்கத்து ஒளியை இப்படிப் பிடித்துவைக்க முடியாது. ஜெர்மனியின் பெர்லினில் பிஏஎம் என்னும் பொருளாய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இவ்வழியைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

மின்னிறக்கத்தின் மின்னூட்டத்தை மின்முறையில் பிகோகூலோம் கணக்கில் அளக்கும் கருவிகள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். ஆய்வுக்கூடத்தில் அவை நம்பகமானவை. களத்தில் காற்றாலை கன்வெர்ட்டர்களும் வானொலி அலைகளும் எழுப்பும் இரைச்சலில் சிறு மின்னிறக்கம் காணாமல் போகும். மூடிய ஜாயின்ட்டுக்குள்ளோ முழு இருட்டு. அங்கே தெரியும் ஒளிக்கு வேறு காரணம் இருப்பது அரிது. நிரப்பியைக் குறைத்தால் ரப்பர் எளிதில் கிழியாதா என்பது வலுவான ஆட்சேபம். ஒளியைச் சிதறடிக்காத அளவுக்கு நுண்ணிய சிலிக்காவோ, சிலிகோன் ரெசினோ வலுவூட்டியாகச் சேர்ப்பது அதற்கான விடை. இழையைச் சுற்றி இடைவெளி விழுந்தால் அதுவே புதிய பழுதாகும் என்பதும் உண்மை. இழையும் ரப்பரும் பிரியாமல் ஒட்டுவதை உறுதிசெய்யாமல் இதைக் களத்துக்குக் கொண்டுவரக் கூடாது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. மின்புலத்தைச் சீராக்கும் கறுப்புப் பகுதிக்குப் பின்னால் தெறிக்கும் பொறியோ, ஜாயின்ட்டுக்கு அப்பால் கேபிளுக்குள் வளரும் பழுதோ இதற்குத் தெரியாது. ஒளியின் அளவை வைத்து மின்னூட்டத்தின் அளவைத் துல்லியமாகச் சொல்லவும் முடியாது. எனவே இதை அளவுகோலாக அல்ல, எச்சரிக்கை மணியாகக் கருத வேண்டும். மணி அடித்தபின் மின்முறையில் அளந்து முடிவெடுக்கலாம். எல்லா ஜாயின்ட்டுக்கும் இச்செலவு தேவையில்லை. பல காற்றாலைகளின் மின்சாரம் ஒன்றுசேர்ந்து செல்லும் கேபிளில் ஒரு ஜாயின்ட் போனால் அத்தனையும் நிற்கும். செலவுக்கு நியாயம் அங்கேதான் இருக்கிறது. களச்சோதனையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.